டஸ்கம்பியா + கோல்பர்ட் கவுன்ட்டி (அலபாமா): அப்பா அம்மாவோட ஒரு வீக்கெண்ட், என்னென்ன பாக்கலாம்?

மலைக்கோட்டைமணி எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஹன்ட்ஸ்வில்ல இருக்கோம், ஊர்லருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. ராக்கெட் சென்டர் காட்டியாச்சு, கோயில் போயாச்சு, வால்மார்ட்டும் காஸ்ட்கோவும் அவங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. அப்பா ஸ்கூல் ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், ஹெலன் கெல்லர் பொறந்த வீடு இங்கருந்து ஒன்றரை மணி நேரம்தான்னு யாரோ சொல்லிட்டாங்க, அதுலருந்து தினம் காலைல காபியோட அந்த பேச்சுதான். அதுக்கு மட்டும் போயிட்டு திரும்பணுமா, இல்ல ஒரு ராத்திரி தங்கற அளவுக்கு அந்தப்பக்கம் விஷயம் இருக்கா? அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது, சுத்த சைவம். பையனுக்கு 11 வயசு, கிட்டார் கத்துக்கறான், எதைக் காட்டினாலும் "போர்"னு சொல்ற வயசு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சும்மாஒருத்தன் எழுதியது:
ப்ரோ, அங்க ஒரு வீடு, அந்த வீட்டுக்குப் பின்னாடி ஒரு அடிபம்பு. அவ்ளோதான். அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். பேசாம சட்டனூகா பக்கம் போங்க, மலை, அருவி, குகை எல்லாம் இருக்கு, பையனும் குஷியா இருப்பான்.

நாஷ்வில்ரஞ்சி எழுதியது:
@சும்மாஒருத்தன் கண்ணு தெரியாத, காது கேக்காத ஹெலனுக்கு கைல தண்ணிய விட்டு, வார்த்தைன்னா என்னன்னு முதல் தடவை டீச்சர் புரிய வெச்ச பம்ப் அது. அந்த அடிபம்பை பாக்கத்தான் உலகம் பூரா இருந்து வராங்க, உங்களுக்கு அடிபம்பா தெரியுதா.

மணி சார், அப்பா ஆசிரியர்னா கண்டிப்பா கூட்டிட்டு போங்க. ஐவி கிரீன்னு பேரு அந்த வீட்டுக்கு, ஹெலனோட தாத்தா 1820ல கட்டினது. பெரிய வீட்டுக்குப் பக்கத்துலயே ரெண்டு ரூம் மாதிரி ஒரு குட்டி வீடு இருக்கும், அதுலதான் ஹெலன் 1880 ஜூன் 27 பொறந்தாங்க. நிறைய பேர் பெரிய வீட்டை சுத்திட்டு பம்ப் முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு கெளம்பிடுவாங்க, என்னைக் கேட்டா அந்த குட்டி வீட்டுலதான் அப்பா அதிக நேரம் நிக்கணும். ஏன்னா 1887 மார்ச்ல ஆன் சல்லிவன் டீச்சரா வந்து சேர்ந்ததும் புரிஞ்சுகிட்ட முதல் விஷயம், இந்தப் பொண்ணு அழுதா வீட்ல எல்லாரும் விட்டுக் கொடுத்துடறாங்க, இங்க வெச்சு எதுவும் கத்துக் கொடுக்க முடியாதுன்னுதான். அதனால அப்பா அம்மாகிட்ட போராடி பொண்ணை தனியா அந்த குட்டி வீட்டுக்கு கூட்டிட்டு போய் அங்கயே இருந்தாங்க. தண்ணி பம்ப் சமாச்சாரம் ஏப்ரல் 5, அதாவது வந்து ஒரு மாசம் சொச்சம்தான். அந்த ஒரு மாசம் என்ன நடந்துச்சுங்கறதுதான் ஒரு வாத்தியாருக்கு ருசி. ஆன் சல்லிவனுக்கு அப்போ வயசு 20, அவங்களுக்கே கண் பார்வை சரியா கிடையாது, பாஸ்டன்ல பார்வையற்றோர் பள்ளியில படிச்சு வந்தவங்க.

ஜூன், ஜூலைல போனீங்கன்னா வீட்டு பின்பக்கம் திறந்தவெளியில இந்தக் கதையவே நாடகமா போடுவாங்க, அறுபது வருஷமா நடக்குது. ராத்திரி ஷோ, கொசு மருந்து எடுத்துட்டு போங்க. ஜூன் கடைசில ஹெலன் கெல்லர் பேர்ல திருவிழாவும் உண்டு, அப்போ ஹோட்டல் ரூம் சீக்கிரம் தீந்துடும்.

மலைக்கோட்டைமணி எழுதியது:
சூப்பருங்க ரஞ்சி மேடம். இதைப் படிச்சு காட்டினேன், "நாளைக்கே போலாமா"ன்னு கேக்கறார். வேற என்ன இருக்கு பக்கத்துல?

ஷோல்ஸ்பக்கம் எழுதியது:
நான் இந்தப் பக்கம்தான் ஒரு ஃபேக்டரில வேலை பாக்கறேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கோங்க. டஸ்கம்பியா தனி ஊர் மாதிரி தெரியும் ஆனா டஸ்கம்பியா, ஷெஃபீல்ட், மஸில் ஷோல்ஸ், ஆத்துக்கு அந்தாண்ட ஃப்ளாரன்ஸ், நாலும் ஒட்டிக்கிட்டு ஒரே ஊர் மாதிரிதான், மொத்தத்துக்கும் சேத்து தி ஷோல்ஸ்னு சொல்லுவாங்க. ஆத்துக்கு தெக்கால இருக்கற மூணும் கோல்பர்ட் கவுன்ட்டி, ஃப்ளாரன்ஸ் மட்டும் லாடர்டேல் கவுன்ட்டி.

எல்லாரும் இங்க வந்து ஒரு வீடு, ஒரு ஸ்டுடியோ, ஒரு நாய் சமாதின்னு தனித்தனியா டிக் அடிச்சுட்டு போறாங்க, கடைசில "ஏன் இதெல்லாம் இந்த ஒரே ஊர்ல இருக்கு"ன்னு யாருக்கும் புரியறதில்ல. எல்லாத்துக்கும் காரணம் ஆறுதாங்க. டென்னசி ஆறு இந்த இடத்துல முப்பது சொச்சம் மைலுக்குள்ள நூறு அடிக்கு மேல கீழ இறங்குது, பூரா பாறை, சுழல், படகு போகவே முடியாது. பருத்தி மூட்டையை எப்படி தாண்டி கொண்டு போறது? அதுக்காக 1832லயே டஸ்கம்பியால ஒரு ரயில் பாதை போட்டுட்டாங்க, அப்பலேச்சியன் மலைக்கு மேற்கால போட்ட முதல் ரயில்கள்ல அதுவும் ஒண்ணு, ரெண்டு வருஷத்துல கிழக்கால இருக்கற டிகேட்டர் ஊர் வரைக்கும் நீட்டினாங்க. ஆரம்பத்துல குதிரையும் இழுத்துச்சு. இப்போ டவுன்ல இருக்கற டிப்போ மியூசியம் அதுக்கப்புறம் 1888ல கட்டின ஸ்டேஷன், சின்னதுதான், ரயில் பிடிக்கும்னா ஒரு எட்டு பாக்கலாம்.

அதே ரயில்லதான் 1838ல செரோக்கிங்கற பூர்வகுடி மக்களை அவங்க மண்ணுலருந்து வெரட்டி டிகேட்டர்லருந்து இங்க கொண்டு வந்து, டஸ்கம்பியா லேண்டிங்னு இப்போ ஷெஃபீல்ட்ல இருக்கற படகுத்துறைல ஏத்தி மேற்கே அனுப்பினாங்க. டவுன் நடுவுல ஸ்பிரிங் பார்க் இருக்கு, பெரிய ஊத்து, கல் அடுக்கி செஞ்ச அருவி, பசங்களுக்கு குட்டி ரயில் எல்லாம் உண்டு, அந்த பார்க்லயே இந்த வெரட்டலுக்கு ஒரு நினைவுச் சிலை இருக்கு. ஊஞ்சலாடிட்டு வர்றவங்க யாரும் அதுகிட்ட நிக்கறதில்ல. அம்மாவுக்கு முட்டி வலின்னீங்க, சமதரை, பெஞ்சு நிறைய, உக்காந்துகிட்டே இருக்கலாம்.

அடுத்தது வில்சன் டேம். என்னைக் கேட்டா முதல்ல இதைத்தான் பாக்கணும், வீடு அப்புறம். முதல் உலகப் போர் சமயத்துல வெடிமருந்துக்கு நைட்ரேட் வேணும், அதுக்கு ஏகப்பட்ட கரண்ட் வேணும், அதுக்காக 1918ல கட்ட ஆரம்பிச்சாங்க. கட்டி முடிக்கறதுக்குள்ள போர் முடிஞ்சு போச்சு, டேம் 1924லதான் முடிஞ்சது. நடுவுல 1921ல ஹென்றி ஃபோர்டு எடிசனையும் கூட்டிட்டு வந்து பாத்துட்டு, மொத்தத்தையும் 50 லட்சம் டாலருக்கு குடுங்க, இங்க 75 மைல் நீளத்துக்கு ஒரு நகரமே கட்டறேன்னு சொன்னார். அவ்ளோதான், ரியல் எஸ்டேட்காரங்க நியூயார்க் வரைக்கும் ஆள் பிடிச்சு மனை வித்தாங்க, பருத்திக் காட்டுக்கு நடுவுல ரோடும் பிளாட்பாரமும் போட்டாங்க. செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் பொதுச் சொத்தை தனியாருக்கு குடுக்கக் கூடாதுன்னு விடாம நின்னார், 1924ல ஃபோர்டு விலகிட்டார், மனை வாங்கினவன் தலைல துண்டு. அந்த சண்டையிலருந்துதான் 1933ல டிவிஏ, அதாவது டென்னசி ஆத்துப் பகுதிக்கான அரசு மின்சார நிறுவனம், வந்துச்சு. ஹன்ட்ஸ்வில்ல உங்க வீட்டு பல்பு எரியறதே டிவிஏ கரண்ட்லதான் சார்.

சும்மாஒருத்தன் எழுதியது:
டேமா? மேட்டூரையும் கல்லணையும் பாத்தவங்கள கூட்டிட்டு போய் டேம் காட்டப் போறீங்களா?

ஷோல்ஸ்பக்கம் எழுதியது:
@சும்மாஒருத்தன் மேட்டூரை பாத்தவங்களுக்குத்தாங்க இது நல்லா புரியும். ஃபோர்டு பின்வாங்கின அடுத்த வருஷம் அங்க மேட்டூர் வேலை ஆரம்பம், 1934ல முடிஞ்சுது, ரெண்டும் ஒரே காலம். இது 4500 அடி நீளம், பழைய ரோமானிய கட்டிடம் மாதிரி வளைவு வளைவா வெச்சு கட்டியிருப்பாங்க. வடக்கு ஓரத்துல லாக் இருக்கு, கப்பலை உள்ள விட்டு கதவை மூடி தண்ணிய ஏத்தி கிட்டத்தட்ட 94 அடி மேல தூக்குவாங்க, 1959ல தொறந்தது. ராக்கி மலைக்கு கிழக்கால ஒரே தூக்குல இவ்ளோ உயரம் ஏத்தறது வேற எதுவும் இல்ல. பார்ஜ், அதான் சரக்குப் படகு, வர்ற நேரத்துல நீங்க அங்க இருக்கறது அதிர்ஷ்டம், டைம்டேபிள் எதுவும் கிடையாது.

இன்னொன்னு. அந்த நைட்ரேட் தொழிற்சாலை அப்புறம் உர ஆராய்ச்சி நிலையமா மாறிச்சு. நம்மூர்ல வயலுக்கு போடற டிஏபி இருக்குல்ல, அதை குருணையா தயாரிக்கற முறையை வளர்த்ததுல இந்த மஸில் ஷோல்ஸ் நிலையத்துக்கு பெரிய பங்கு உண்டு. வீட்ல யாராவது விவசாயம் பாத்திருந்தா சொல்லுங்க, முகம் மாறுறதை பாக்கலாம்.

மலைக்கோட்டைமணி எழுதியது:
அம்மா வீடு முசிறி பக்கம், வாழையும் நெல்லும். டிஏபின்னதும் "அதுக்கும் இந்த ஊருக்கும் என்னடா"ன்னு எழுந்து உக்காந்துட்டாங்க. நன்றி சார்!

பாட்டுப்பைத்தியம் எழுதியது:
என்னங்க இது, மஸில் ஷோல்ஸ் பத்தி ஒரு இழை இவ்ளோ தூரம் ஓடியிருக்கு, உரம் வரைக்கும் போயாச்சு, பாட்டைப் பத்தி ஒருத்தரும் வாயே தொறக்கல??? பையன் கிட்டார் வாசிக்கறான்னு முதல் பதிவுலயே சொல்லியிருக்கார்!

மணி ப்ரோ, ரெண்டு ஸ்டுடியோ இருக்கு, ரெண்டும் வேற வேற, குழப்பிக்காதீங்க. முதல்ல ஃபேம், மஸில் ஷோல்ஸ்ல அவலான் அவென்யூல இருக்கு. ரிக் ஹால்னு ஒருத்தர், பரம ஏழை குடும்பம், 1959ல ஃப்ளாரன்ஸ்ல மருந்துக்கடை மாடில ரெண்டு பேரோட சேந்து ஆரம்பிச்சு, அப்புறம் தனியா பிரிஞ்சு இங்க வந்து கட்டினது. வில்சன் பிக்கெட், எட்டா ஜேம்ஸ், அரீத்தா ஃப்ராங்க்ளின் எல்லாரும் இங்க வந்து பாடியிருக்காங்க. அரீத்தா கதை கேட்டீங்கன்னா சிரிப்பீங்க, 1967 ஜனவரில வந்தாங்க, ஒரே நாள், ஒரு பாட்டு முடிஞ்சுது, ரெண்டாவது பாதில நிக்குது, அதுக்குள்ள அவங்க புருஷனுக்கும் ட்ரம்பெட் வாசிச்சவருக்கும் தகராறு, ராத்திரி ரிக் ஹால் சமாதானம் பேசறேன்னு ஹோட்டலுக்கு போய் அதைப் பெரிய சண்டையாக்கிட்டு வந்தார், காலைல அரீத்தா ஊரையே விட்டு கெளம்பிட்டாங்க. கம்பெனிக்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா, இங்க வாசிச்ச பசங்களையே நியூயார்க்குக்கு கூப்ட்டு மிச்சத்தை முடிச்சாங்க. அந்த ஒரு நாள் சத்தம்தான் அரீத்தாவை ராணியாக்கிச்சு.

ரெண்டாவது, மஸில் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டுடியோ. பேருதான் மஸில் ஷோல்ஸ், இருக்கறது ஷெஃபீல்ட்ல, 3614 ஜாக்சன் ஹைவே. ஃபேம்ல வாசிச்சிட்டிருந்த நாலு பேர், பேரி பெக்கெட், ரோஜர் ஹாக்கின்ஸ், ஜிம்மி ஜான்சன், டேவிட் ஹூட், 1969ல ரிக் ஹாலை விட்டுட்டு வந்து தனிக்கடை போட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்த கட்டிடம் சவப்பெட்டி கடை! அதே வருஷம் பாடகி ஷேர் வந்து பாடிட்டு அந்த முகவரியவே ஆல்பத்துக்கு பேரா வெச்சிட்டாங்க. டிசம்பர்ல ரோலிங் ஸ்டோன்ஸ்ங்கற இங்கிலாந்து ராக் குழு ரகசியமா வந்து மூணு நாள்ல மூணு பாட்டு முடிச்சாங்க. பின்னாடி ஒரு குட்டி பாத்ரூம் இருக்கு, அந்த குழுவோட கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் அதுக்குள்ள போய் உக்காந்துதான் ஒரு பாட்டை எழுதி முடிச்சார்னு காட்டுவாங்க. எல்லாரும் அந்த பாத்ரூம்ல ஃபோட்டோ எடுப்பாங்க, உங்க பையனும் எடுப்பான். பல வருஷம் பாழடைஞ்சு கெடந்தது, பழையபடி சரி பண்ணி 2017ல தொறந்தாங்க.

நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயம் இதான். இதெல்லாம் நடந்தது 1960கள் அலபாமா. 1963ல கவர்னர் வாலஸ் கறுப்பு மாணவர்களை உள்ள விட மாட்டேன்னு யுனிவர்சிட்டி வாசல்லயே போய் நின்னவர். அதே மாநிலத்துல ஒரு சின்ன ரூம்ல கறுப்பு பாடகர்களும் வெள்ளைக்கார பசங்களும் ஒண்ணா உக்காந்து பாட்டு போட்டுட்டு இருந்தாங்க. பாடகர் பால் சைமன் இந்த இசைக்காரங்க வேணும்னு கேட்டப்போ அவங்க கறுப்பர்கள்னே நெனச்சிட்டிருந்தார்.

மலைக்கோட்டைமணி எழுதியது:
பையன் தோள் மேல எட்டிப் பாத்து படிச்சிட்டான். "சவப்பெட்டி கடையா"ன்னு கண்ணு விரிஞ்சுது. போர் லிஸ்ட்லருந்து எடுத்தாச்சு.

அட்லாண்டாஅக்கா எழுதியது:
நாங்க போன வருஷம் போயிருந்தோம். அட்லாண்டாலருந்து வர்றவங்களுக்கு ஒரு விஷயம், அங்க மணி ஒரு மணி நேரம் பின்னாடி, அதனால போகும்போது லாபம், வரும்போது நஷ்டம். டூர் புக் பண்ணும்போது அந்த ஊர் டைம்னு பாத்துக்கோங்க.

ஸ்டுடியோ நல்லாத்தான் இருக்கு ஆனா பாட்டு தெரியாதவங்களுக்கு அது ஒரு பழைய ரூம்தான், எங்க மாமியார் வெளிய வந்து "இதுக்கா காசு குடுத்தோம்"னாங்க. பாட்டுப்பைத்தியம் கோவிச்சுக்கக் கூடாது.

பாட்டுப்பைத்தியம் எழுதியது:
@அட்லாண்டாஅக்கா கோவமெல்லாம் இல்லக்கா. ஆனா போறதுக்கு முன்னாடி கார்ல நாலு பாட்டு போட்டு காட்டிட்டு, "இப்ப கேட்டது இந்த ரூம்லதான் பாடினாங்க"ன்னு சொல்லியிருந்தா மாமியாரும் ரசிச்சிருப்பாங்க. பெர்சி ஸ்லெட்ஜ்னு ஒருத்தர், இதே கோல்பர்ட் கவுன்ட்டி லெய்ட்டன்காரர், ஆஸ்பத்திரில ஆர்டர்லி வேலை பாத்துட்டிருந்தவர், 1966ல ஷெஃபீல்ட்ல பதிவு பண்ண ஒரு காதல் பாட்டு அமெரிக்கா பூரா நம்பர் ஒன். மொழி தெரியாதவங்க கூட அந்த குரலைக் கேட்டா ஒரு நிமிஷம் நிப்பாங்க. ஹைவே 72ல அலபாமா மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கு, இந்த மாநிலத்து பாடகர்கள் எல்லார் சமாச்சாரமும் அங்க இருக்கும், டூர் பஸ் ஒண்ணையே உள்ள நிறுத்தி வெச்சிருக்காங்க. நேரம் இருந்தா மட்டும்.

மதுரைப்பேரன் எழுதியது:
ஒரு விஷயம் கேக்கணும். ஐவி கிரீன் ஐவி கிரீன்னு எல்லாரும் கொண்டாடறீங்க. 1820ல அலபாமால பெரிய வீடுன்னா அதை நடத்தினது அடிமைகள்தானே? ஹெலனோட அப்பா கேப்டன் கெல்லர், கான்ஃபெடரேட் ராணுவத்துல, அதாவது உள்நாட்டுப் போர்ல அடிமை முறைய விடாத தெற்கு மாநிலங்களோட படைல, இருந்தவர். அதைப் பத்தி ஒருத்தரும் பேசலையே. இந்தப் பக்கத்து பழைய பங்களா டூர் எல்லாமே தட்டு, கப், நாற்காலி காட்டிட்டு அனுப்பிடறாங்க.

நாஷ்வில்ரஞ்சி எழுதியது:
@மதுரைப்பேரன் நியாயமான கேள்வி. டூர்ல ஹெலனோட குழந்தைப் பருவம்தான் அதிகம் சொல்லுவாங்க, அதுக்கப்புறம் அவங்க வாழ்ந்த எண்பது வருஷம் ஓரமா போயிடும். ஆனா அந்த ஹெலனே இதைப் பத்தி சும்மா இருந்தவங்க இல்ல. 1916ல கறுப்பர்கள் உரிமைக்கான என்ஏஏசிபிக்கு நூறு டாலர் அனுப்பி, தன் சொந்த தெற்கு மண்ணை நெனச்சா வெக்கமா இருக்குங்கற மாதிரி ஒரு கடிதம் எழுதினாங்க. அது செல்மா ஊர் பேப்பர்ல வந்துடுச்சு, வீட்டுக்காரங்களுக்கு தலைகுனிவு. சோஷலிஸ்ட் கட்சில வேற இருந்தாங்க. அப்பாகிட்ட இதையும் சொல்லுங்க மணி சார்.

இன்னொன்னு, மார்த்தா வாஷிங்டன்னு ஒரு சின்னப் பொண்ணு, சமையல்காரம்மா மகள், கறுப்பினக் குழந்தை. ஆன் சல்லிவன் வர்றதுக்கு முன்னாடியே ஹெலன் தானா உருவாக்கின சைகையெல்லாம் அவளுக்குத்தான் நல்லா புரியும், ரெண்டும் சேந்து ஆட்டம் போட்டதை ஹெலனே எழுதியிருக்காங்க. அதனால டீச்சர் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு மொழியே இல்லன்னு சொல்றது சரியில்ல. சமையல்கட்டு பெரிய வீட்டுலருந்து தள்ளி தனியா இருக்கும், அங்க நிக்கும்போது நான் மார்த்தாவைத்தான் நெனச்சேன்.

மதுரைப்பேரன் எழுதியது:
இது தெரியாது எனக்கு. நன்றிங்க. அப்போ பெல் மோன்ட் போகலாமா? டஸ்கம்பியாக்கு தெக்கால ஒரு பழைய மாளிகை, ஜெஃபர்சன் காலத்து பாணின்னு போட்டிருக்கு.

ஷோல்ஸ்பக்கம் எழுதியது:
போகலாம். மாநில வரலாற்று ஆணையத்தோடது அது. உள்ள சாமான் அதிகம் கிடையாது, அதுவே ஒரு விதத்துல நல்லது, தட்டு கப்பு பாக்காம செங்கல்லைப் பாக்கலாம், அது யார் கையால ஆனதுன்னு யோசிக்கலாம். ஆனா மணி சாருக்கு ரெண்டு நாள்தான், நான்னா அதை விட்டுட்டு கல்சுவத்துக்கு போவேன்.

மலைக்கோட்டைமணி எழுதியது:
கல்சுவரா? அது என்ன?

ஷோல்ஸ்பக்கம் எழுதியது:
ஆத்தைத் தாண்டி லாடர்டேல் பக்கம், நாச்சஸ் ட்ரேஸ் ரோட்டை ஒட்டி இருக்கு. டாம் ஹென்ட்ரிக்ஸ்னு ஒருத்தர், அவரோட பாட்டிக்குப் பாட்டி தே-லா-நே, யூச்சி இனத்துப் பொண்ணு, 1830கள்ல ஒக்லஹோமாவுக்கு வெரட்டப்பட்டவங்க. டென்னசி ஆத்தை பாடற ஆறுன்னுதான் அவங்க ஆளுங்க சொல்லுவாங்க, அங்க இருக்கற ஆறு பாடலன்னு சொல்லிட்டு திரும்ப இங்கயே நடந்து வந்தாங்கன்னு குடும்பத்துல சொல்லிட்டு வந்த கதை, அஞ்சு வருஷம் ஆச்சாம். அவங்க எடுத்து வெச்ச ஒவ்வொரு அடிக்கும் ஒரு கல்லுன்னு இவர் முப்பது வருஷத்துக்கு மேல தனி ஆளா அடுக்கினார். சிமென்ட் கிடையாது, சும்மா அடுக்கினதுதான், ஒரு மைலுக்கு மேல போகும். 2017ல அவர் இறந்துட்டார், குடும்பம் பாத்துக்குது. டிக்கெட் கிடையாது. முழுசா நடக்க வேண்டாம், வாசல் பக்கத்துலயே உக்கார இடம் உண்டு, அம்மாவை அங்க விட்டுட்டு நீங்க போய்ட்டு வரலாம். சத்தம் போட்டு பேசாதீங்க, பையன்கிட்ட கல்லை எடுக்காதன்னு முன்னாடியே சொல்லி வைங்க.

திரும்பி வரும்போது நாச்சஸ் ட்ரேஸ்லயே தெக்கால வந்தா ஆத்துப் பாலம் வரும், கோல்பர்ட் ஃபெர்ரி. சிக்கசா பூர்வகுடித் தலைவர் ஜார்ஜ் கோல்பர்ட் அங்க படகு விட்டுட்டிருந்தார். அப்புறம் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்சனோட படையை கரை சேக்க 75,000 டாலர் வாங்கினார்னு ஒரு கதை, உண்மையோ பொய்யோ, கேக்க சந்தோஷமா இருக்கு. கவுன்ட்டிக்கு பேரே அந்தக் குடும்பத்தாலதான். அந்த ரோட்ல லாரி கிடையாது, விளம்பர போர்டு கிடையாது, ஸ்பீடு 50தான், போலீஸ் நிப்பாங்க பாத்து போங்க.

சும்மாஒருத்தன் எழுதியது:
ஷோல்ஸ் சார், நடுவுல நாய் சமாதின்னு ஒண்ணு சொன்னீங்களே. அதை விட்டுட்டீங்க. நான் அதுக்குத்தான் இந்த இழையை ஃபாலோ பண்ணிட்டிருக்கேன்.

ஷோல்ஸ்பக்கம் எழுதியது:
ஹாஹா. கூன் டாக் செமட்ரி. டஸ்கம்பியாக்கு தென்மேற்கால காட்டு ரோட்ல போகணும், மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க. கீ அண்டர்வுட்னு ஒரு வேட்டைக்காரர், அவரோட நாய் பேரு ட்ரூப், ரக்கூன் வேட்டைல கில்லாடி. 1937 செப்டம்பர் 4, லேபர் டே சமயம், அது செத்ததும் வேட்டைக்கு எப்பவும் கூடாரம் அடிக்கற இடத்துலயே பொதைச்சு, பழைய புகைபோக்கி கல் ஒண்ணுல பேரும் தேதியும் செதுக்கி வெச்சார். அப்புறம் ஒவ்வொருத்தரா கொண்டு வந்து, இப்போ நூத்துக்கணக்குல ஆச்சு. ரக்கூன் வேட்டை நாய் தவிர வேற எதையும் பொதைக்க விட மாட்டாங்க. அது நிஜமாவே கூன் டாக்தான்னு ஓனர் சொல்லணும், சாட்சி ஒருத்தர் வேணும், வேட்டைக்காரர் சங்கத்து ஆள் ஒருத்தர் நாயை பாத்து ஒத்துக்கணும். நம்மூர் பட்டா மாறுதல் கூட இதைவிட சுலபம்.

லேபர் டே அன்னைக்கு அங்க திருவிழா மாதிரி, பாட்டு, டான்ஸ், பார்பிக்யூ, யார் பெரிய பொய் சொல்றதுன்னு போட்டி.

சும்மாஒருத்தன் எழுதியது:
பொய் சொல்ற போட்டியா. லேபர் டேக்கு நான் ரெடி. சட்டனூகா கேன்சல்.

அட்லாண்டாஅக்கா எழுதியது:
சாப்பாட்டைப் பத்தி யாரும் சொல்லல. மணி, அம்மா சுத்த சைவம்னா ரொம்ப கவனம். மெனுல பச்சை பீன்ஸ், டர்னிப் கீரைன்னு போட்டிருக்கும், காய்தானேன்னு ஆர்டர் பண்ணிடாதீங்க, பன்றிக்கொழுப்போ பேக்கனோ போட்டுத்தான் வேக வெப்பாங்க, கேட்டா "ருசிக்காக கொஞ்சம்"பாங்க. கார்ன்பிரெட்லயும் சில இடத்துல அந்த எண்ணெய்தான். வெஜிடபிள் ப்ளேட்னு கேளுங்க, நாலு சைடு வரும், அதுல மேக் அண்ட் சீஸையும் காய் கணக்குல சேத்திருப்பாங்க, அது இந்த ஊர் சட்டம்! இந்தப் பக்கத்துக்கே உரிய ஹாட் ஸ்லான்னு ஒண்ணு உண்டு, கோஸ், வினிகர், மிளகா போட்டு காரமா, அம்மாவுக்கு பிடிக்கும், ஆனா பார்பிக்யூ கடைலதான் கிடைக்கும், கரண்டி எங்க படுதுன்னு யோசிக்கறவங்களா இருந்தா விட்டுடுங்க. நாங்க புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிட்டு போய் ஸ்பிரிங் பார்க்லதான் சாப்ட்டோம். ஃப்ளாரன்ஸ் டவுன்ல ட்ரோபிரிட்ஜஸ்னு 1918லருந்து இருக்கற ஐஸ்கிரீம் கடை, ஆரஞ்சு பைனாப்பிள் வாங்கி குடுங்க எல்லாருக்கும்.

அப்புறம் பாறைக்கு அடில ஒரு ஹோட்டல் இருக்கு, ராட்டில்ஸ்னேக் சலூன், கார் நிறுத்தற இடத்துலருந்து பிக்கப் வண்டி பின்னாடி ஏத்தி கீழ இறக்கி விடுவாங்க. பையனுக்கு ஜாலி. அம்மாவை பிக்கப்ல ஏத்தறதுதான் பாடு, குட்டி ஸ்டூல் ஒண்ணு எடுத்துட்டு போங்க. குளிர்காலத்துல தொறந்திருக்கான்னு கேட்டுட்டு போங்க.

நாஷ்வில்ரஞ்சி எழுதியது:
முக்கியமா ஒண்ணு, ஞாயித்துக்கிழமை. அங்க பாதி ஊர் சர்ச்ல இருக்கும், ஐவி கிரீன், ஸ்டுடியோ எல்லாம் ஞாயிறு தொறந்திருக்கும்னு நம்பிப் போகாதீங்க. சனிக்கிழமையே அந்த மூணையும் முடிச்சிடுங்க. ஞாயிறு காலைல டேம், பார்க், கல்சுவர், ட்ரேஸ்னு வெளியிடமா பாருங்க. மதியம் சர்ச் விட்டதும் ஹோட்டல்ல உக்கார இடம் இருக்காது, முன்னாடியே சாப்ட்டுடுங்க.

ஃப்ளாரன்ஸ்ல பெரிய கட்டிடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட் கட்டின ரோசன்பாம் வீடு இருக்கு, 1940ல முடிஞ்சது, அலபாமால அவர் கட்டினது இது ஒண்ணுதான். தரை மட்டம், படி அதிகம் இல்ல, அம்மாவுக்கு சுலபம். ஆனா வாசல் நிலை ரொம்ப தாழ்வு, உயரமானவங்க குனியணும்.

பாட்டுப்பைத்தியம் எழுதியது:
சனிக்கிழமை மூணும்னா ஐவி கிரீன் காலைல, மதியம் ஷெஃபீல்ட் ஸ்டுடியோ, ஃபேம் கடைசி. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா ஷெஃபீல்ட் போங்க, அது மியூசியம் மாதிரி சாவகாசமா காட்டுவாங்க. ஃபேம் இன்னிக்கும் ஓடிட்டிருக்கற ஸ்டுடியோ, ரெக்கார்டிங் நடந்தா டூர் நேரம் மாறும்.

ஷோல்ஸ்பக்கம் எழுதியது:
நான் இன்னும் டேம் முதல்லன்னுதான் சொல்லுவேன், வெள்ளி சாயங்காலமே வந்துடுங்க, வெயில் தாழ ஆத்தங்கரைல நிக்கலாம். சரி, சனிக்கிழமையை ரஞ்சி மேடத்துக்கு விட்டுக்குடுக்கறேன்.

மலைக்கோட்டைமணி எழுதியது:
எல்லாருக்கும் பெரிய கும்பிடு. வெள்ளி சாயங்காலம் கெளம்பறோம், ரெண்டு ராத்திரி ரூம் போட்டாச்சு ஃப்ளாரன்ஸ்ல. நாய் சமாதி அம்மா வேண்டாம்னுட்டாங்க, "சமாதிய பாக்கவா ப்ளேன் ஏறி வந்தேன்"னு ஒரே போடு. கடைசியா ஒண்ணு, ஸ்டுடியோல பையன் அங்க இருக்கற கிட்டார், பியானோ தொடலாமா? இப்பவே கேட்டு உயிரை வாங்கறான். அப்பாவுக்கு ஐவி கிரீன்ல வாங்கிக் குடுக்கற மாதிரி ஏதாவது இருக்கா?

பாட்டுப்பைத்தியம் எழுதியது:
கைடுகிட்ட கேக்காம எதையும் தொட வேண்டாம்னு சொல்லி கூட்டிட்டு போங்க, பழைய சாமான் எல்லாம் நிஜமா வாசிச்சது. கிட்டார் கத்துக்கறான்னு சொன்னீங்கன்னா அவங்களே பேச ஆரம்பிச்சிடுவாங்க, இந்த ஊர்க்காரங்களுக்கு அதுதான் பலவீனம்.

நாஷ்வில்ரஞ்சி எழுதியது:
அப்பாவுக்கு கடையில எதுவும் வாங்க வேண்டாம். 2003ல வந்த அலபாமா குவார்ட்டர் காசுல ஹெலன் கெல்லர் உக்காந்திருப்பாங்க, பேர் பிரெயில்லயும் இருக்கும், புழக்கத்துல விட்ட அமெரிக்க காசுல பிரெயில் வந்தது அதுதான் முதல் தடவை. உங்க வீட்டு சில்லறை டப்பாவைக் கொட்டி தேடுங்க, கிடைச்சா இருபத்தஞ்சு சென்ட்ல வேலை முடிஞ்சுது.